வேலூர் வட்டாரக் கிராமத்தில் குடும்பத்தோடு குடியேற: ஊர் தேடும் முறை, முழுமையான வழிகாட்டி

நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்ட குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். போகலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பேச்சு முழுவதும் பழைய வட ஆர்க்காட்டைப் பற்றியது: இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, போளூர்ப் பக்கம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள். திண்ணை இருக்கிறது, வாசலில் வேப்பமரம், பின்னால் மலை. பிடித்துப்போகிறது. முன்பணம் கொடுத்த பிறகுதான் தண்ணீர் எப்படி என்று கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. பணத்தைக் கொட்டினாலும் மாற்ற முடியாதவற்றை முதலில் பார்க்க வேண்டும், மாற்றக்கூடியவற்றைக் கடைசியில். நிலத்தடி நீரையும், பள்ளிக்கூடத்தின் தூரத்தையும், காற்று வரும் திசையையும் யாராலும் மாற்ற முடியாது. ஒழுகும் கூரையையும் இல்லாத கழிப்பறையையும் இரண்டு மாதத்தில் சரிசெய்துவிடலாம்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு நோட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில்கள் சில, வாடகைக்காவது கிடைக்கும் ஓர் இருசக்கர வாகனம், அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு நண்பர். அந்த நண்பர் தரகராக இருக்கக் கூடாது. காரில் போனால் ஊர் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே பச்சை மட்டும் தெரியும்.

1. முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

ஊர்ப் பெயர் எதையும் எடுக்காமல் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். வருமானம் எங்கிருந்து வரப்போகிறது? பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பு? வீட்டுப் பெரியவர்களுக்குத் தொடர் சிகிச்சை ஏதாவது உண்டா?

பதிலைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள், நிமிடத்தில் எழுதுங்கள். ‘பள்ளிக்கு 40 நிமிடத்துக்கு மேல் கூடாது, மருத்துவமனைக்கு 45, ரயில் நிலையத்துக்கு 30’ என்பதுபோல. பஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை மட்டும் வரும் ஊரில் 12 கிலோமீட்டர் என்பது அரை நாள் வேலை. நெடுஞ்சாலை ஓரத்து ஊரில் அதே தூரம் கால் மணி நேரம்.

பிள்ளைகளின் வகுப்பை ஏன் முதலிலேயே கேட்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் சில சலுகைகள் 6-ஆம் வகுப்பிலிருந்து கணக்காகின்றன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் 6 முதல் 12 வரை என்பதே அடிப்படை. அரசுப் பள்ளியில் சேர்ப்பதாக எண்ணம் இருந்தால் 5-ஆம் வகுப்பு முடிந்ததும் மாறுவது நல்லது. 7-ஆம் வகுப்பின் நடுவில் மாறினால் இரண்டும் கைநழுவும். 10-ஆம் வகுப்பிலும் 12-ஆம் வகுப்பிலும் பிள்ளை இருக்கும் ஆண்டில் மாற்றமே வேண்டாம்.

இந்தப் பேச்சில் மனைவி, அம்மா, வயது வந்த பிள்ளைகள் எல்லோரும் இருக்க வேண்டும். ஆண்கள் இருவர் சேர்ந்து ஊர் பார்த்து முடித்துவிட்டு வந்து அறிவிக்கும் வீடுகளில்தான் ஆறாம் மாதம் சச்சரவு தொடங்குகிறது. கிராமத்து வீட்டில் தண்ணீர், சமையல், துணி, மாவு அரைக்கும் தூரம் எல்லாம் யார் தலையில் விழுகின்றன என்பதை யோசித்தால் காரணம் புரியும்.

2. வரைபடத்தில் ரயில் பாதையைத் தடவிக்கொண்டே போங்கள்

சென்னை அல்லது பெங்களூரோடு வேலைத் தொடர்பு உள்ளவர்களுக்கு இந்த வட்டாரத்தின் பெரிய வசதி ரயில்தான். அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஒரே பாதையில் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. காட்பாடியில் பெரும்பாலான விரைவு ரயில்கள் நிற்கும்; லத்தேரி, வளத்தூர் போன்றவற்றில் பாசஞ்சர் வண்டிதான். நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பாமல் அங்கே எந்த வண்டி எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பாருங்கள். இன்னொரு பாதை காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் வழியாகத் திருவண்ணாமலை, விழுப்புரம் போகிறது. அதில் வண்டிகள் குறைவு.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களில் கேட் இருக்கிறதா, சுரங்கப்பாதையா என்று கேளுங்கள். ஜோலார்பேட்டைப் பாதையில் வண்டிகள் ஓயாது. கேட் மூடியே கிடக்கும். சுரங்கப்பாதை என்றால் ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. பள்ளி வேன் அந்தத் தண்ணீரில் இறங்காது.

சோற்றுக்கு அரிசி பொறுக்குவதுபோல இங்கிருந்து ஊர்களைக் கழிக்கத் தொடங்கலாம். குடும்பத்துக்குத் தோராயமாகப் பொருந்தும் பகுதிகள் இப்படிப் பிரியும்:

பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை பஸ் வசதி நன்று. வாடகையும் விலையும் அதற்கேற்ப. அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரம். விவசாயம் உயிரோடு இருக்கிறது, முள்ளுக் கத்தரிக்காய்க்குப் பெயர்போன இலவம்பாடியும் இங்கேதான். கணியம்பாடி, கண்ணமங்கலம் வேலூருக்குத் தெற்கே. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருப்பதால் பெரியவர்கள் உள்ள குடும்பங்களுக்குச் சொல்வேன். காவேரிப்பாக்கம், நெமிலிப் பக்கம் ஏரிப் பாசனமும் நெல்லும்; ஆனால் பனப்பாக்கம் சிப்காட்டும் சென்னை-பெங்களூர் விரைவுச்சாலையும் வந்ததில் நில விலை ஏறிக்கொண்டே போகிறது, நிலம் கையகப்படுத்தும் பேச்சும் ஓயவில்லை. காட்பாடிக்கு வடக்கே பொன்னைப் பக்கமும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கமும் ஆந்திர எல்லை. தெலுங்கு காதில் விழும்.

இந்தக் கட்டத்தில் மூன்று பகுதிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு பகுதிகளை ஒரே நேரத்தில் அலசுபவர்கள் எதையும் இரண்டாம் முறை போய்ப் பார்ப்பதில்லை.

3. தண்ணீர்: இதில் தோற்ற ஊரை அன்றே விட்டுவிடுங்கள்

இங்கே தரைக்கு அடியில் பாறை. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் 200 அடியில் தண்ணீர் இருக்கும், மற்றதில் 800 அடி போட்டும் புகைதான் வரும். ஆகவே ‘இந்த ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கும்’ என்ற பொதுப் பேச்சுக்கு மதிப்பில்லை. குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட வீட்டில், சித்திரை வைகாசியில் என்ன நிலை என்பதுதான் கேள்வி.

அளவைப் பற்றி யாரிடம் கேட்பது? வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் வேண்டாம். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுபவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவருக்கு எந்தத் தெருவில் கடைசிச் சொட்டு எப்போது நிற்கும் என்பது மனப்பாடம். அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள், காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதா அல்லது ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு மட்டுமா, எந்தத் தெரு மேடு. மேட்டுத் தெருவில் குழாய் இருந்தும் தண்ணீர் ஏறாது.

பிறகு ஏரிக்குப் போங்கள். ‘ஏரி கடைசியாக எப்போது கோடி போனது?’ என்று கரையில் மாடு மேய்ப்பவரைக் கேட்டால் ஆண்டைச் சொல்வார். கோடி போவது என்றால் நிரம்பி வழிவது. அவ்வப்போது கோடி போகும் ஏரியின் கீழ்ப்புறம் கிணறுகள் ஊறும். ஆனால் கலங்கலிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழியில் வீடு இருக்கக் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் குடியாத்தத்துக் கௌண்டன்ய ஆற்றிலும் வெள்ளம் வந்தபோது, பல ஆண்டுகளாக வெறும் மணலாகக் கிடந்த இடங்களெல்லாம் ஆறு என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. ஆற்றோர மனை மலிவாகக் கிடைத்தால், அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் காட்டச் சொல்லுங்கள்.

அளவு தேறினால் தரம். இந்த வட்டாரத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றித் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வரலாறு நீண்டது. 1996-இலும் மறுபடி 2025-இலும் உச்ச நீதிமன்றம் இதற்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்த இடமும் இருக்கிறது. பாலாற்றின் இரு கரையிலும் எல்லா ஊரும் கெட்டுப்போயின என்று இதற்குப் பொருளில்லை. ஒரே ஊராட்சியில் ஒரு பக்கம் நல்ல நீரும் மறு பக்கம் உப்பும் இருப்பதுண்டு. அதனால்தான் சோதனை.

மாதிரி எடுக்கும் முறை: மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். குழாயில் தேங்கியிருந்த நீர் போன பிறகு, அதே நீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை கழுவி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை அடி, என்ன தேதி என்று ஒட்டுங்கள். மறுநாளுக்குள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிக்கையை நம்பி வீடு எடுக்க முடியாது.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நன்று, வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டக் கூடாது, நைட்ரேட் 45-ஐ. தோல் தொழிற்சாலைப் பகுதி என்றால் குரோமியத்தையும் தனியாகச் சொல்லிச் சோதிக்க வேண்டும். வழக்கமான சோதனையில் அது வராமல் போகலாம். அதன் வரம்பு 0.05.

‘சுத்திகரிப்புக் கருவி வைத்துக்கொண்டால் போயிற்று’ என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். குடிக்கும் நீருக்குச் சரி. குளிக்க, துவைக்க, செடிக்கு, மாட்டுக்கு? உப்பு நீரில் நட்ட தோட்டம் இரண்டாம் ஆண்டு வெளுத்துப்போகும், தோட்டத்துக்காகவே கிராமத்துக்கு வந்தவர் திரும்பிப் போவார்.

4. காற்று, வெடி, யானை

தண்ணீரில் தேறிய ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வண்டியில் வாருங்கள். கல்குவாரி, செங்கல் சூளை, கோழிப் பண்ணை, தோல் தொழிற்சாலை, குப்பைக் கிடங்கு எதுவும் கண்ணில் படுகிறதா? கல்குவாரி இருந்தால் வெடி வைக்கும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். பக்கத்து வீடுகளின் சுவரில் விரிசலைப் பாருங்கள். டிப்பர் லாரி எந்தச் சாலையில் போகிறது என்பதும் முக்கியம், பிள்ளைகள் சைக்கிளில் போகும் சாலையும் அதுவாக இருக்கும்.

நாற்றம் பகலில் தெரியாது. காற்று அடங்கும் நேரத்தில், இரவு ஒன்பதுக்கு மேலும் விடியற்காலையிலும்தான் தெரியும்.

மலையடிவாரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. குடியாத்தம், பேரணாம்பட்டு, பரதராமி எல்லையை ஒட்டி ஆந்திரத்தின் கௌண்டன்யா சரணாலயம் இருக்கிறது. அங்கிருந்து யானைகள் வந்து வாழையையும் நெல்லையும் மாந்தோப்பையும் மிதிக்கின்றன. குடியாத்தம், கே.வி.குப்பம் காட்டோரங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. வனத்துறையிடம் கேட்பதைவிட, காட்டை ஒட்டிய கடைசி வீட்டில் ஆட்டுப்பட்டி எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாலு பக்கமும் கம்பி வலை, மேலேயும் மூடியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் காட்டிலிருந்து குறைந்தது இரண்டு தெரு தள்ளி வீடு பாருங்கள்.

5. பள்ளியும் மருத்துவமனையும்: பஸ்ஸில் போய்ப் பாருங்கள்

ஒரு வேலை நாளில், பிள்ளை போக வேண்டிய நேரத்தில், பிள்ளை போகும் வழியில் போய்வாருங்கள். காலை ஏழரை பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கும் மாணவர்களைப் பார்த்த பிறகு நிறையப் பேர் ஊரை மாற்றியிருக்கிறார்கள். அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அந்தப் பேருந்து அந்த ஊருக்கு வர வேண்டுமே. மாலை கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை நடத்துநரிடமே கேளுங்கள். தனியார் பள்ளி வேன் என்றால் அந்த ஊர் அதன் பாதையில் முதலா கடைசியா என்று கேட்க வேண்டும். முதல் ஊர் என்றால் பிள்ளை ஆறரைக்கு ஏறி ஒன்றரை மணி நேரம் ஊர் ஊராகச் சுற்றும்.

ஊரில் பள்ளி இருக்கிறது என்றால் எதுவரை? தொடக்கப் பள்ளி 5 வரை, நடுநிலை 8 வரை. 9-ஆம் வகுப்புக்கு எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். மேல்நிலைப் பள்ளி என்றால் எந்தெந்தப் பாடப்பிரிவு, அவற்றுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். உயிரியல் பிரிவு பலகையில் இருந்து, ஆசிரியர் இடம் காலியாகக் கிடப்பது நடக்கிற விஷயம். நல்ல அடையாளம் ஒன்று: அந்தப் பள்ளி ஆசிரியர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

மருத்துவத்துக்கு இந்த வட்டாரம் கொடுத்துவைத்தது. வேலூரில் சி.எம்.சி., ராணிப்பேட்டையில் அதன் புதிய வளாகம், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இத்தனை இருப்பதால் எல்லோரும் பெரிய மருத்துவமனையின் தூரத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பாம்புக்கடி, பிரசவ வலி, நெஞ்சுவலி என்றால் முதல் அரை மணி நேரம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையில். அங்கே இரவில் செவிலியர் இருக்கிறாரா, பாம்புக்கடி மருந்து இருப்பு உண்டா, 108 வண்டி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வண்டி வாசல் வரை வருமா என்பதையும் பாருங்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாத காரணத்தால் நேரத்துக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் போனது மாவட்டமே அறிந்த செய்தி. பீஞ்சமந்தை போன்ற மலை ஊராட்சிகளின் குளிர்ச்சியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் அந்தத் தெருவுக்கு ஒழுங்காக வருகிறதா என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

6. எந்தப் பருவத்தில் போவது

கார்த்திகையில் எல்லா ஊரும் அழகு. ஏரி நிறைந்திருக்கும், வயல் பச்சை, காற்று குளிர். அந்த மாதத்தில் ஊர் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவதற்கு ஊர்க்காரர்கள் காரணமில்லை.

முதல் பார்வை அக்னி நட்சத்திரத்தில், மே மாதம். வேலூரில் அப்போது 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தளம் போட்ட ஒற்றை மாடி வீடு இரவு பதினொன்று வரை சூட்டைக் கக்கும். ஓட்டு வீடு முன்னதாகவே ஆறிவிடும். அதே நாள் மாலை ஏழு மணிக்கு மின்விசிறியைப் போட்டு, குறைந்த மின்னழுத்தம் இருக்கிறதா பாருங்கள். எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரம் அது. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்பவர் கைப்பேசி சிக்னலைத் தெருவில் பார்க்காமல் உள்ளறையில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பார்வை ஐப்பசி மழையில்: சாலை, சாக்கடை, சுரங்கப்பாதை. மூன்றாவது முடிந்தால் தை மாதம். இந்தப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் எருது விடும் விழா நடக்கும். தெருவை அடைத்துத் தடுப்புக் கட்டிவிடுவார்கள், ஒலிபெருக்கி நாள் முழுக்க ஓடும். உங்கள் வீட்டுக் கைக்குழந்தையும் முதியவரும் அதைத் தாங்குவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். விழாவை ரசிப்பவர் என்றால் ஊரோடு ஒட்ட அதைவிட நல்ல நாள் கிடையாது.

7. ஊர் மனிதர்களை அறிவது

சந்தை நாளில் போங்கள். பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் அங்கே வருவார்கள். தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லத் தயங்குபவரும் பக்கத்து ஊரைப் பற்றித் தாராளமாகச் சொல்வார்.

கேட்கும் முறை முக்கியம். ‘அண்ணா, இந்த ஊர் எப்படி?’ என்றால் ‘நல்ல ஊர்தாங்க’ என்பார்கள். ‘கோடையில் தண்ணீர் லாரி வருமா? கடைசியாக வெளியூர்க்காரர் யார் வந்து குடியேறினார், இன்னும் இருக்கிறாரா?’ என்று கேட்டால் கதையே வரும். கிளம்பிப் போனவர் ஏன் போனார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரை முடிவு செய்யாதீர்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. வாடகைக்குக் கேட்கப் போனால், ‘நீங்க எந்தப் பக்கம், சொந்த ஊர் எது’ என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்; எதைக் கேட்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஊர், காலனி என்று குடியிருப்பு பிரிந்தே இருக்கும். தண்ணீர்க் குழாய், கோயில், முடிதிருத்தும் கடை, தேநீர்க் கடை இவற்றில் எல்லோரும் ஒன்றாகப் புழங்குகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் உங்கள் பிள்ளை அதைப் பார்த்துத்தான் வளரப்போகிறது. கலப்புமணத் தம்பதியர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களையும் பேரூராட்சிகளையும் ஒட்டிய ஊர்களில் தேடுவது நல்லது. அங்கே வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்கள் இருப்பதால் கேள்விகள் குறைவு.

ஊராட்சியின் தரத்தை அறியக் கிராம சபையைப் போல வேறு இடமில்லை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். வாக்காளர் அல்லாத நீங்கள் பேச முடியாது, ஓரமாக நின்று கேட்கலாம். சண்டை நடந்தால் பயப்படாதீர்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் ஊர்தான் கவலைக்குரியது.

8. ஓராண்டு வாடகை அல்லது போக்கியம்

இத்தனையும் தேறினாலும் உடனே வாங்காதீர்கள். ஓராண்டு இருந்து பாருங்கள். ஒரு கோடையையும் ஒரு மழையையும் அதே வீட்டில் கழித்தால்தான் மேலே சொன்னவை உறுதியாகும்.

கிராமத்தில் வாடகை வீட்டுக்குப் பலகை தொங்காது. மளிகைக் கடையிலும் பால் சொசைட்டியிலும் சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கும் வீடுகள் பூட்டியே கிடக்கும். ‘வீடு வீணாகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பேசினால் பலர் இறங்கி வருவார்கள். போக்கியத்துக்கு எடுப்பதாக இருந்தால் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பெரிய தொகையை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக் கொடுப்பது இங்கே பரவலான வழக்கம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வந்தால் அந்தத் தாள் நிற்காது. அதனால் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வந்து மூன்று மாதத்துக்குள் கோயில் திருவிழா வரி கேட்டு வருவார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

9. வாங்குவதானால் ஆவண வரிசை

இது தனி வழிகாட்டிக்குரிய விஷயம். வரிசையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முன்பணத்துக்கு முன் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்பவர்கள் அதிகம்.

முதலில் பட்டா, சிட்டா, அ பதிவேடு: நிலத்தின் வகையும் யார் பெயர் என்பதும் தெரியும். அ பதிவேட்டில் மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), ஏரி, ஓடை என்று எதுவும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பஞ்சமி நிலமா என்றும் பாருங்கள். இந்த வட்டாரத்தில் ‘டி.சி. நிலம்’ என்பார்கள். பட்டியல் சாதி மக்களுக்காக ஒதுக்கப்பட்ட அதை மற்றவர் வாங்குவது செல்லாது, நியாயமும் இல்லை. கோயில், வக்ஃப், பூதான நிலங்களும் இதே கணக்கு.

அடுத்து குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள், வாரிசுகள் பட்டியல். பிறகு புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் அளவையரோடு நடப்பது. வண்டிப் பாதை வரைபடத்தில் இருக்கிறதா, பக்கத்து நிலத்துக்காரரின் பெருந்தன்மையில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மனை என்றால் நகர் ஊரமைப்பு அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமில்லாத மனைப் பிரிவை வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் சேர்க்க முடியாது. வழக்கறிஞரின் கருத்து கடைசியில். அதற்குப் பிறகுதான் முன்பணம்.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 9 சதவீதம். கிணற்றோடு நிலம் வாங்கினால் இலவச விவசாய மின் இணைப்பு உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது குற்றம், ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்றாலும்.

10. மாறும் மாதம்

ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூன் பள்ளி திறப்பதற்குள் மாறுவதுதான் பிள்ளைகளுக்கு வசதி. ஆடியில் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். ஆகவே ஆனி முடிவதற்குள் பேசிவிடவில்லை என்றால் வீட்டுக்காரர் ‘ஆவணியில் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவார்; அதற்குள் பள்ளி தொடங்கி இரண்டு மாதம் ஓடிவிடும்.

பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழோடு கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பின் மாணவர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அங்கே பெயரை விடுவிக்காமல் இங்கே சேர்க்க முடியாது. வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததும் ஆதார் முகவரி, பிறகு குடும்ப அட்டை, எரிவாயு, கடைசியாக வாக்காளர் பட்டியல் என்ற வரிசையில் மாற்றுங்கள். ஒன்றின் சான்று அடுத்ததற்குத் தேவைப்படும். ரேஷன் கடை மாறும் மாதத்தில் பழைய கடையில் பொருள் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

லாரி ஏற்றும் முன் தெருவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய லாரி ஊர் முனையில் நின்றுவிட்டால் அங்கிருந்து பீரோவை டிராக்டரில் ஏற்ற வேண்டிவரும்.